அவள் தடுக்கிய இடம்

என்மேல் மீன்வாடை வீசுகிறது என்று சொன்னவளின் அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. முட்டத்துக் கரையில் காய்ந்த சாளையும் நெத்தோலியும் மூட்டை மூட்டையாகக் கொழும்புக்குப் போய்த்தான் அவள் காதில் தங்கம் தொங்கியது. என் அப்பா பிடித்த மீனும் அந்த மூட்டைகளில் உண்டு.

நாங்கள் இருவரும் ஒரே கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தோம். படித்தோம் என்ன, அவள் படித்தாள். நான் மடத்து லேஸ் கூடத்தில் பின்னல் போட்டு என் சோற்றுக்கு வழி பண்ணிக்கொண்டேன். வரவேற்பறையில் கப்பலில் வந்த பியானோ ஒன்று இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதில் வாசிக்கப் படித்தார்கள். எனக்கு அதைத் துடைக்கிற வேலை.

ஒருநாள் துடைத்து முடித்து, ஆசை தாங்காமல் ஒரு கட்டையை விரலால் அழுத்தினேன். அவள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"ஏட்டி, கைய எடு! மீன்வாடை கட்டையில ஒட்டிச்சுன்னா பெறவு எவ வாசிப்பா?"

சொன்னதோடு மூடியைப் படாரென்று சாத்தினாள். நான் கையை இழுத்திராவிட்டால் விரல் போயிருக்கும். பக்கத்தில் நின்ற சிஸ்டர் அவளை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. இனிமேல் துடைக்க வரும்போது புளி தேய்த்துக் கை கழுவிவிட்டு வா என்று என்னிடம்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் அழமாட்டேன். உள்ளே முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வேன். பியானோ முன்னால் அவள் உட்காருகிற முக்காலியில் ஊர் பார்க்க நான் உட்கார வேண்டும், அவள் நின்று பார்க்க வேண்டும். அன்று போட்ட முடிச்சு அது.

திருநாளன்று வாசிப்பதற்காக அவளுக்கு ஒரு மாதா பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். லேஸ் கூடத்துக்கும் வரவேற்பறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். பாட்டின் நடுவில் வலதுகைப் பெருவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து மேலே ஏற வேண்டிய ஓர் இடம் வரும். அங்கே வந்ததும் அவள் தடுக்குவாள். உடனே பாட்டின் தொடக்கத்துக்கு ஓடுவாள். மறுபடியும் அதே இடத்தில் தடுக்குவாள், மறுபடியும் தொடக்கத்துக்கு ஓடுவாள். சீச்சீ, கேட்கவே எரிச்சலாக இருக்கும்! நாங்கள் லேஸ் பின்னும்போது பிசகினால் முழுவதையும் பிரிக்கமாட்டோம். பிசகிய இடம் வரைக்கும் நூலைப் பிடித்து நிற்கிற குண்டூசிகளைப் பிடுங்கி, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடுவோம். இந்தச் சின்ன விஷயம் அவள் மண்டையில் ஏறவில்லை. எனக்கு ஏறியது.

கட்டைகளைத் துடைத்தால் சத்தம் வரத்தான் செய்யும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். துணியைக் கட்டைமேல் விரித்து, அதன்மேல் விரல் வைத்து, அவள் தடுக்கிய அந்த இடத்தை மட்டும் வாசித்தேன். மெள்ள, ஒவ்வொரு கட்டையாக. ஒருநாள் வலதுகை, மறுநாள் இடதுகை. துடைப்பதற்குக் கிடைப்பது கொஞ்ச நேரம், அதில் தெரிந்ததையே வாசித்து மகிழ எனக்கு ஏது நேரம்? அந்த இடம் கைக்கு வந்ததும் அதற்கு அடுத்ததைப் பிடித்தேன், பிறகு அதற்கு அடுத்ததை. பாட்டின் பின்பாதி முழுவதும் என் விரலுக்குள் வந்துவிட்டது. தொடக்கம் தெரியாது. அது அவள் பாடு.

திருநாளுக்குப் பெரிய சாமியார் வந்திருந்தார். வரவேற்பறை நிறைந்திருந்தது. அவள் பட்டுப் பாவாடை கட்டி வந்து வாசித்தாள். தடுக்கினாள். தொடக்கத்துக்கு ஓடினாள். திரும்பவும் தடுக்கினாள். கூடவே பாடிய பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மடத்துத் தலைவி மதரின் முகம் சிவந்துபோயிற்று. யாரும் கூப்பிடவில்லை, நானே போனேன்.

"எழும்புட்டி" என்றேன்.

என்ன நினைத்தாளோ, எழுந்துவிட்டாள். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, அவள் கை பட்ட கட்டைகளை நன்றாகத் துடைத்தேன். பிறகு அந்த இடத்திலிருந்து பிடித்து, பாட்டைக் கடைசிவரை கொண்டுபோய் முடித்தேன். உனக்கு யார் படிப்பித்தது என்று மதர் கேட்டார். "இவதான் மதர்" என்று அவளைக் காட்டினேன். ஆஹா, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு மதர் என்னை முறையாகப் பியானோ படிக்க விட்டார். அந்தப் பாட்டின் தொடக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். மற்ற பாட்டுகளும் அப்படித்தான் வந்தன. கடினமான இடம் முதலில், தெரிந்தது கடைசியில். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பினேன். எங்கள் கோயிலுக்குக் கால்மிதி ஆர்மோனியம் வந்தபோது வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை. பிசகாமல் வாசிக்கிறவள் என்ற பேர் எனக்குக் கரையெங்கும் இருந்தது.

அவளுக்கும் அதே கோயிலில்தான் கல்யாணம். அவள் அம்மா வீடு தேடி வந்தாள். "மக்கா, நீயும் எம் மவளும் ஒண்ணாப் படிச்சவியதானே? நல்ல மாதா பாட்டா ஒண்ணு வாசி, கேட்டியா."

கேட்டேன். பீடத்தின் முன்னால் அவள் முக்காடு போட்டு நின்றபோது அந்தப் பாட்டையே எடுத்தேன். அந்த இடம் வந்ததும் தடுக்கினேன். தொடக்கத்துக்குப் போனேன். மறுபடியும் அங்கேயே தடுக்கி, மறுபடியும் தொடக்கத்துக்குப் போனேன்.

"பாவம், பிள்ளைக்குக் கை பதறுது" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். சாமியார் என்னை முறைத்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை பேரிலும் கல்யாணப்பெண் ஒருத்திதான் மெள்ளத் திரும்பி என் கையைப் பார்த்தாள். அவள் பார்க்கட்டும் என்று காத்திருந்து, பெருவிரலை அடியில் நுழைத்து, அந்த இடத்தைத் தாண்டி வாசித்தேன்.

அன்றோடு பிசகாதவள் என்ற பேர் போயிற்று. போகட்டும்.