நான் வெட்டிய நான்கு வரிகள்

போன வாரம் எதிர் வீட்டில் வெள்ளையடித்தார்கள். அஸ்தம்பட்டியில் இப்போதெல்லாம் டப்பா டப்பாவாகப் பெயிண்ட் வாங்கி இழுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த மனிதர் மட்டும் என்ன பிடிவாதமோ, கல்சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். புஸ்ஸென்று கொதித்தது. அந்தச் சூடான நெடி ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறியதும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நெடி ஒத்துக்கொள்ளவில்லையா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். எத்தனையோ வருஷமாக ஒத்துக்கொள்ளாத நெடி அது. ஏன் என்று அவளிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விவசாயத்தில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்புதான் விவசாயம். நான் சுத்தமான சேலம் டவுன்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகாவிட்டால் வீட்டில் இட்லி கிடைக்காது. வெற்றிலையைக் கல்யாணத் தாம்பாளத்தில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவனுக்கு ஆராய்ச்சிக்குக் கிடைத்தது வெற்றிலைக் கொடியில் வரும் நோய். கூடவே, செய்முறைகளை எப்படி எழுதுவது என்று தனியாக ஒரு பாடம். அதை நடத்திய பேராசிரியர் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே திரிவார். அவர் வகுத்த முதல் சட்டம், எழுதுகிறவன் எழுத்தில் தலைகாட்டக் கூடாது. 'கலக்கினேன்' என்று எழுதினால் சுழிப்பார். 'கலக்கப்பட்டது' என்றால் விட்டுவிடுவார்.

முதல் வருஷம் என் தாள்கள் குங்குமத்தில் விழுந்து எழுந்தவை மாதிரித் திரும்பி வந்தன. இரண்டாம் வருஷம் அங்கங்கே ஒரு கீறல், அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில்கூடத் 'தங்கள் கடிதம் பெறப்பட்டது, உடல்நிலை திருப்திகரமாக உள்ளது' என்று எழுத ஆரம்பித்தேன். யாரைவிட்டு எழுதச் சொன்னாய், கை ஏதும் உடைந்துவிட்டதா என்று அம்மா பதறிப்போய் ஒரு கார்டு போட்டிருந்தாள்.

அந்தத் திமிரில் இருந்தபோதுதான் துண்டுப் பிரசுர வேலை வந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு மருந்து தெளிக்கும் முறையை விவசாயிகளுக்குப் புரிகிற தமிழில் ஒரே தாளில் எழுத வேண்டும். மருந்து ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைக் கரைத்து ஒரு பானை, சுண்ணாம்பு ஒரு பானை, இரண்டையும் சேர்த்துக் கலக்கித் தெளிப்பது. ஆனால் சுண்ணாம்பு புதிதாக, வீரியத்தோடு இருக்க வேண்டும். காற்றுப்பட்டு நமத்துப்போனது என்றால் துத்தத்தின் கடுமை அடங்காமல் இலையைப் பொசுக்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தீட்டிய கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் போதும். கத்தியில் சிவப்பாகச் செம்பு ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

இதை நான்கு வரியில் எழுதித்தான் இருந்தேன். பேராசிரியர் எண்ணிப் பார்த்துவிட்டு, தாளுக்கு நான்கு வரி அதிகம், எதையாவது வெட்டு என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை. தாளின் தொடக்கத்தில் மங்கலம் பொங்கும் வெற்றிலையின் பெருமை பற்றி நான்கு வரி, அடுக்குமொழியில், என் சொந்தச் சரக்கு. அதை வெட்ட மனம் வரவில்லை. கத்தியை முக்குவதெல்லாம் சமையல்கட்டு வேலை மாதிரி இருக்கிறது, அச்சில் வந்தால் அழகாக இருக்காது என்று தோன்றியது. சுண்ணாம்பையும் கத்தியையும் பற்றிய அந்த நான்கு வரியை அடித்துவிட்டேன்.

தாளைப் பரமத்தி வேலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கொடுத்தோம். அங்கே கருப்பண்ணன் என்பவருக்கு ஆற்றோரம் ஒரு கொடிக்கால். அவர் மனைவி பாவாயி, நாமகிரிப்பேட்டையில் பிறந்தவர், ஐந்தாவது வரை படித்தவர். அந்தத் தெருவிலே வாசிக்கத் தெரிந்த ஒரே பெண். யாருக்குக் கடிதம் வந்தாலும், பத்திரம் வந்தாலும் அவரிடம்தான் வரும். மாமியாரே மருமகள் படித்துச் சொன்னால்தான் நம்புவாராம். எங்கள் தாளையும் அவர்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். தன் கொடிக்காலுக்குத் தானே கலக்கவும் செய்தார்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்குக் கணக்கெடுக்க நாமக்கல்லில் பஸ் ஏறிப் போனேன். கருப்பண்ணன் கொடிக்காலுக்குள் நுழைந்தேன். அகத்தி மரங்களில் ஏறியிருந்த கொடியெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தது. கீழே இலை மெத்தையாக உதிர்ந்திருந்தது. வரப்பில் பங்காளிகள் ஏழெட்டுப் பேர். பொம்பளை படித்து விவசாயம் பார்த்த லட்சணத்தைப் பார் என்று கருப்பண்ணனின் அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பாவாயிக்கு முகம் தெளிந்தது. எழுதினவரே வந்துவிட்டார் அல்லவா? தாளைப் பார்க்காமலே, நான் எழுதிய வெற்றிலைப் பெருமையிலிருந்து கடைசி வரி வரை, கடகடவென்று ஒப்பித்தார்.

"இதுல இருக்கற மாதிரியேதானுங்க கலக்குனேன். ஒரு எழுத்து உடலீங்க. சுண்ணாம்பு மட்டும் ஊட்டுல கெடந்த பழசுங்க. பழசு ஆவாதுன்னு இதுல எழுதலீங்களே?"

அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாளில் விட்டுப்போய்விட்டது, தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அண்ணன் வாயை மூடியிருப்பார். நான் கையிலிருந்த நோட்டைப் புரட்டினேன். "கலக்கும்போது எங்கேயோ அளவு தவறியிருக்கும்மா" என்றேன்.

"அப்ப தப்பு எம்மேலதானுங்களா, சாமி?" என்று பாவாயி கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் குனிந்து கருகிய இலைகளை எண்ணத் தொடங்கினேன். அதற்குத்தானே வந்திருந்தேன்.

ஆய்வேட்டில் அந்தக் கொடிக்காலுக்கு ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இப்படி வரும்: 'ஒரு தோட்டத்தில் பரிந்துரை சரிவரப் பின்பற்றப்படாததால் இலைக்கருகல் ஏற்பட்டது.' அதில் எழுதினவனும் இல்லை, வெட்டினவனும் இல்லை. பேராசிரியர் ஓரத்தில் நன்று என்று போட்டிருந்தார். இரண்டு வருஷத்தில் நான் வளர்ந்த வளர்ச்சி அது. அடுத்த பதிப்புத் துண்டுத்தாளில் கத்தி வைத்துப் பார்க்கும் முறையைச் சேர்த்துவிட்டேன். முதல் தாளில் அது இல்லை என்பதை எங்கும் சொல்லவில்லை. வெற்றிலையின் பெருமையையும் எடுத்துவிட்டேன், பெரிய தியாகம் செய்தவன் மாதிரி.

ஈஸ்டருக்கு முன்னால் வருஷாவருஷம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பொய், கோபம், பூசைக்குப் போகாதது எல்லாம் வரிசையாக வரும். இது மட்டும் நாக்கு வரை வந்து திரும்பிவிடும். சாமியாருக்குச் சுண்ணாம்பைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை துணிந்து அந்த ஊருக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கருப்பண்ணன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து மோர் வரவழைத்தார். பாவாயி சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாங்க என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து ஒரு கார்டைக் கொடுத்தார். கருப்பண்ணன் அதை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். படிக்கத்தான் வீட்டில் பாவாயி இருக்கிறாரே என்றேன்.

"அவ படிக்கறத உட்டுப்போட்டாளுங்க. தாளக் கையாலயும் தொடறதில்ல."

கார்டை வாசித்துக் காட்டினேன். யாருக்கோ பெண் குழந்தை பிறந்திருந்தது. மோரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

இப்போது அந்த ஆற்றோரத்தில் கொடிக்கால் இல்லை, வீடுகள் வந்துவிட்டன. கருப்பண்ணனும் பாவாயியும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த முதல் தாளில் ஒரு பிரதியாவது கிடைக்காதா என்று நானும் தேடாத இடமில்லை. அச்சகம் மூடிப்போயிருந்தது. ஊரில் கொடுத்த தாள்கள் வெற்றிலை சுற்றவும் அடுப்பு பற்றவைக்கவும் போயிருக்கும். என் ஆய்வேடு மட்டும் கல்லூரி நூலகத்தில் காலிக்கோ துணி அட்டையோடு பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் பார்க்கிற எவனும் அதைத்தான் நம்புவான். பாவாயி சரியாகத்தான் செய்தார் என்று காட்ட இருந்ததெல்லாம் அவருடைய மனப்பாடம் ஒன்றுதான். அது அவரோடு போய்விட்டது.