உருட்டி எடுத்த லொறி

மடுல்சீமையில், நிறைய ஓடிய ஒரு பழைய பெட்ரோல் லொறியைப் பார்க்கப் போனேன். "இப்பதாங்க பிளக், கொயில் எல்லாம் மாத்தினேன்" என்றார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்துச் சரிவில் நிறுத்தியிருந்தார். பிரேக்கை விட்டு உருட்டி, கியரைப் போட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பற்றரி மிச்சம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வண்டி எடுப்போம். அதனால் சந்தேகப்படாமல் வாங்கிவிட்டேன்.

முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனபோது, ரயில் கடவையின் நடுவே இஞ்சின் நின்றுவிட்டது. உருட்டச் சரிவு இல்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர இஞ்சின் பிடிக்கவில்லை. "தள்ளுங்க, ரயில் வருது!" என்று கேட்காரர் கத்தினார். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். ரயில் போன பிறகு லொறியைக் கராஜுக்கு இழுத்துப் போனேன்.

கராஜில் பார்த்தபோது பிளக் மட்டுமே புதிது. பழைய கொயிலைத் துடைத்து மாட்டியிருந்தார்கள். ஸ்டார்ட்டர் பற்றரியை இழுக்கும்போதும், சூடான பிறகும் அதால் பிளக்குக்குப் போதிய பொறி தர முடியாதாம்; உருட்டி எடுத்ததில் அது மறைந்துவிட்டது.

இப்போதெல்லாம் லொறி வாங்குவதென்றால், விற்பவரைச் சமதரையில் சாவியைத் திருப்பி எடுக்கச் சொல்கிறேன். சிறிது தூரம் ஓட்டி, சூடான பிறகு மறுபடியும் எடுக்கச் சொல்கிறேன். அண்மையில் லொறி விற்க வந்த ஒருவர், "தோட்டத்துல சமமான இடத்துக்கு எங்கங்க போறது?" என்று சிரித்தார்.

"காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆளுங்க கூடுற சமதரைக்குக் கொண்டு வாங்க" என்றேன்.

லொறி வரவேயில்லை.