பானெட்டுக்குப் பின்னால் ஒரு கைராசிக்காரர்

அந்தத் தெருவில் அவளுக்குத் 'தள்ளு வண்டி' என்று பெயர். பதினோரு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிக்கிறவள், எப்படிப்பட்ட குண்டுக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள். அதெல்லாம் தெருவுக்கு எதற்கு? காலை ஐந்தே முக்காலுக்கு அவளுடைய பழைய கார் கிளம்பாது. நடக்க வந்த நாலு பெரியவர்கள் தள்ளுவார்கள். அப்போதும் கிளம்பாது. பெயர் வைக்க இது போதும்.

பிறகு அவள் கணவன் மாடியிலிருந்து இறங்கி வருவான். அவசரமே கிடையாது. முகம் கழுவி, தலை சீவி, பெண் பார்க்கக் கிளம்பியவன் போல வருவான். "நீ சீட்ல உக்காரு. நான் சொல்றப்ப சாவியத் திருப்பு" என்பான். தூக்கிய பானெட் அவள் கண்ணெதிரே சுவராக நிற்கும். அந்தப் பக்கம் அரை நிமிஷம் என்னவோ செய்வான். "ம், இப்பத் திருப்பு." வண்டி உடனே உறுமும்.

"சார் கை பட்டாப் போதும்யா!" என்பார் பெரியவர்களில் ஒருவர். "ஏம்மா, நீ சார்கிட்ட ரெண்டு நாள் டியூஷன் போகக் கூடாதா?"

"அவ சாவி திருப்பற விதமே சரியில்லைங்க. வண்டிக்கும் ஆளு தெரியும்ல" என்பான் அவன், வாயெல்லாம் பல்லாக. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். அதற்குள் மணி ஆறேகால் ஆகிவிடும்.

ஒரு காலத்தில் இருபது பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதன்தான். தொழிற்சாலையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அவனை யாரும் சார் என்று கூப்பிட்டது இந்தத் தெருவில் மட்டும்தான், அதுவும் காலையில் அந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே படித்தால் உங்களுக்கும் வராது.

பரிசோதனைக் கூடத்தை ஆறரைக்குத் திறக்க வேண்டியது அவள் பொறுப்பு. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், சர்க்கரை அளவு பார்க்க வந்தவர்கள் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே தலைமைப் பொறுப்பில் இருக்கும் அம்மாள் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் இவளுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. "இனி ஒரு நாள் லேட் ஆனாலும் அந்த இடத்த மறந்துடுங்க. வண்டிக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்."

அதற்கு முன்பும் அவள் சும்மா இருக்கவில்லை. பேட்டரியை மாற்றினாள். மூன்றே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனது. வாடகைக் கார் அந்த நேரத்துக்கு அந்தப் புறநகருக்கு வராது. மெக்கானிக்கிடம் எப்போதும் கணவன்தான் பேசுவான். "டிக் டிக்குனு அடிக்குதுப்பா, இழுக்க மாட்டேங்குது" என்பான். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்தவர் எடுத்து வந்த ரத்தத்தை நம்பி ஒரு ரிப்போர்ட்டில்கூடக் கையெழுத்துப் போடாதவள், தன் வண்டியின் நோயை மட்டும் அவன் வாயால் சொல்ல விட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

மேனேஜர் அப்படிச் சொன்ன செவ்வாய்க்கிழமை மதியம் அவளே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"டிக் டிக்னு அடிக்குதா, இல்ல ஒரே ஒரு டக்கா?" என்று கேட்டார் அவர்.

"சத்தமே வரலண்ணே. உள்ள ஒரு லைட்டுகூட எரியாது."

"என்னது? சார் அப்படிச் சொல்லலியே! வண்டியில இருக்கற கடிகாரம்?"

"தினமும் காலைல அணைஞ்சு கெடக்கும். அவர் வந்து சரி பண்ணினப்புறம் ஒரு மணியிலேர்ந்து ஓட ஆரம்பிக்கும்."

மெக்கானிக்குக்கு விஷயம் பிடிபட்டது. "பேட்டரி வீக்கா இருந்தாத் தள்ளினா கிளம்பிடும்மா. இதுல கரண்டே வந்து சேரல. பேட்டரி தலையில ஒயரப் பிடிக்கற ரெண்டு கிளாம்ப் இருக்கும், பாருங்க. ஒண்ணு கழண்டிருக்கும். அது தினமும் தானாக் கழண்டுக்காது."

வீடு திரும்பும் வழியில் ஒரு வோல்ட் மீட்டரும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் வாங்கினாள். சாயங்காலம் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியைக் குத்தம் சொல்ல வழியில்லை. இரண்டு கிளாம்ப்பையும் இறுக்கினாள். கைப்பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சால் நட்டுக்கும் கிளாம்ப்புக்கும் குறுக்கே ஒரே கோடாக இழுத்தாள். நட்டை யார் திருப்பினாலும் கோடு உடைந்துவிடும்.

புதன்கிழமை காலை சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. தானே இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். கோட்டின் ஒரு பாதி கிளாம்ப்பில் இருந்தது, இன்னொரு பாதி நட்டோடு சேர்ந்து பின்பக்கம் போயிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஸ்பேனரால் இறுக்கிச் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பிவிட்டது.

தலை சீவிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இத யாருங்க கழட்டினது?" என்று கிளாம்ப்பைக் காட்டிக் கேட்டாள்.

பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எலியா இருக்கும்" என்றான் அவன்.

"எலி ஸ்பேனர் பிடிக்குமா?"

"பாத்தீங்களா சார்?" என்று அவன் அவர்கள் பக்கம் திரும்பினான். குரலில் அப்படி ஒரு வருத்தம். "கொஞ்ச நாளா இப்படித்தான். தூக்கமே இல்ல. யாரோ தனக்குக் குழி பறிக்கறாங்கன்னு புலம்பறா. நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

"சாரையே சந்தேகப்படறியேம்மா" என்றார் பெரியவர். அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆறு இருபதுக்கெல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டாள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அவளிடம் வேலை பழகிய சின்னப் பெண் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க கிளம்பினதுமே உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார். அழுதுட்டார் மனுஷன். நீங்க தூங்கறதில்ல, எல்லாரையும் சந்தேகப்படறீங்கன்னு எல்லாம் சொன்னார். ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்கம்மா. பொறுப்ப அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துட்டேன்."

"நான் இன்னிக்கு லேட் இல்ல சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க."

அவள் டம்ளரை எடுத்தாள். உள்ளே பொங்கிய ஆத்திரத்தில் கை நடுங்கித் தண்ணீர் மேஜையில் சிந்தியது. மேனேஜர் அந்தக் கையையே பார்த்தார்.

"நீங்களே பாருங்க" என்றார், உண்மையான இரக்கத்தோடு. "இந்தக் கையால இனி எப்படிம்மா ஊசி போடுவீங்க?"