கல்லின் மேல் கண்மூடிக் கிடந்தவர்

குற்றாலத்தில் வெள்ளம் என்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் கல்லின் மேல் கண்மூடி மல்லாந்து கிடந்தார். ‘அருவி அடித்துச் சென்றவரின் உடல்’ என்று போட்டிருந்தது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று சேர்த்து, எனக்குத் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மாலையில் வெள்ளம் வடிந்ததும் குளிக்கப் போனேன். எண்ணெய் தேய்க்கும் இடத்தில் அதே கல், அதே துண்டு, அதே முகம். பக்கத்தில் போனேன். தலைமாட்டில் பிளாஸ்டிக் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மெல்லக் கண் திறந்தார். எண்ணெய்க் கையோடு போனை எடுத்தார்.

“நான்தாம்மா பேசுதேன். எனக்கு ஒண்ணுமில்லம்மா.”

போனை என்னிடம் நீட்டினார்.

“அண்ணாச்சி, எங்கம்மா சிவகிரியில இருந்து பேசுதா. நான் செத்துட்டேன்னு யாரோ படம் அனுப்பியிருக்கான். என் குரலக் கேட்டே பயப்படுதா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வாங்கிக் காதில் வைத்தேன். அழுகைக்கு நடுவே அந்த அம்மா கேட்டாள்:

“அய்யா, நீங்க உங்க கண்ணால பாத்தியளா?”

காலையில் நான் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.