கை தூக்காத வீரன்

வெயிலைப் பற்றி நான் அடித்துவிட்ட பெருமையை எல்லாம் சேர்த்து விரித்தால் ஒரகடம் மேம்பாலத்துக்கே நிழல் போடலாம்.

நான் இராமநாதபுரம் பக்கத்துக்காரன். வல்லம் வடகாலில் கார் பாகங்களுக்கு வெல்டிங் அடிக்கும் கம்பெனியில் சேர்ந்த முதல் கோடையில், எல்லாரும் வெயில் வெயில் என்று அலறினார்கள். “இதெல்லாம் ஒரு வெயிலா? எங்க ஊருக்கு வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். சொன்னதற்கு ஏற்றபடி நடக்க வேறு ஆரம்பித்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் மற்றவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவார்கள். நான் தலையில் கர்சீப்கூடப் போடாமல் உச்சி வெயிலில் நிதானமாக நடப்பேன். தர்பூசணிக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்.

எனக்குப் பக்கத்து இடத்தில் வேலை செய்தவன் பென்னலூர்க்காரன். பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டான், ‘ராம்நாட்’ என்பான். ஈரத்துணி சுற்றிய பெரிய பாட்டிலோடுதான் ஷிப்டுக்கு வருவான். “இன்னா ராம்நாட், ஒட்டகமா நீ? ரெண்டு மடக்கு குட்ச்சிக்கோபா” என்று நீட்டுவான். நான் ஒரு புன்னகை புரிவேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை விடத் தோன்றுகிறது.

ஓடுகிற லைனில் யாரும் இஷ்டத்துக்கு இடத்தை விட்டு நகர முடியாது. கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்பார், அப்புறம்தான் போகலாம். லைன் முழுவதற்கும் ஒரே ரிலீவர். தண்ணீர் குடிக்க ஒரு தரம் கையைத் தூக்கினால், குடித்த தண்ணீரை வெளியே விட இன்னொரு தரம் தூக்க வேண்டும். தண்ணீரே குடிக்காவிட்டால் இரண்டுமே மிச்சம் என்று கண்டுபிடித்தேன். தகரக் கூரைக்குக் கீழே தோல் ஏப்ரனும் கையுறையும் மாட்டிக்கொண்டு நின்றவனுக்கு உதித்த யோசனை இது!

அந்தச் சமயத்தில் லைன் லீடர் வேலை காலியாகப் போவதாகப் பேச்சு. லீடரானால் ஒரே இடத்தில் நிற்க வேண்டாம், ஊரில் அம்மாவும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். அந்த வேலை எனக்கு ரொம்பவே வேண்டியிருந்தது. சூப்பர்வைசரும் காலை மீட்டிங்கில் என்னைக் காட்டி, “இவரப் பாருங்க, கை தூக்கினதே இல்ல” என்பார். அதைக் கேட்டால் எனக்குத் தாகம்கூட அடங்கிவிட்டது போல இருக்கும்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள், எங்களிடம் பாகம் வாங்குகிற கம்பெனியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். சூப்பர்வைசர் அவர்களை நேராக என் இடத்துக்கே அழைத்து வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழாமல் இருக்க எதையோ எட்டிப் பிடித்தேன். அது லைனை நிறுத்தும் சிவப்புப் பட்டன்.

லைன் மொத்தமும் நின்றது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரு வருஷம் பூராவும் ஒன்றுக்குப் போயிருந்தாலும் அவ்வளவு நேரம் நின்றிருக்காது.

கண் விழித்தபோது முதலுதவி அறையில் கிடந்தேன். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி. நர்ஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

“கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?”

“காலையில ஒரு டீ.”

“தண்ணியக் கேட்டேன். சரி, யூரின் என்ன கலர்ல போகுது?”

சூப்பர்வைசர் தலைமாட்டில் நின்றிருந்தார். அதே டீயின் கலர்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த நேரம் பார்த்து, லாக்கரிலிருந்து பென்னலூர்க்காரன் எடுத்து வந்திருந்த என் போன் அடித்தது. அம்மா. அவனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். “ஒண்ணும் பயப்படாத மா, இப்ப நல்லாகீறான். வெயில்ல வளந்த ஆளு, இங்க வந்து மயங்கி வுய்ந்துட்டான், அதான் ஆச்சரியமா கீது” என்றான்.

“யாரு, இவனா?” என்றார் அம்மா. “பத்து மணிக்கு மேல எங்க ஊர்ல நாய்கூட நெழல விட்டு வராதுப்பா. இவன் பொழுது சாயிற வரைக்கும் கட்டிலுக்கு அடியில ஈரச்சாக்க விரிச்சு, பக்கத்துல ஒரு சொம்பு தண்ணிய வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடப்பான். இவன் எங்க வெயிலப் பாத்தான்?”

நர்ஸ் சிரித்தார். சூப்பர்வைசர் சிரிப்பை அடக்க வாசல் வரை போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மயங்க முயன்றேன். வரவில்லை.

லீடர் வேலை பென்னலூர்க்காரனுக்குப் போனது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் வந்த பிறகு தண்ணீர் குடிக்க யாரும் யோசிப்பதில்லை. ரிலீவர் வேறு இடத்தில் இருந்தால் அவனே வந்து நின்றுகொள்கிறான். இப்போதெல்லாம் நான் தாராளமாகக் கையைத் தூக்குகிறேன். தூக்கியதும் லைனின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி கத்துவான்:

“தண்ணி மட்டும் போதுமா ராம்நாட், இல்ல கட்டிலையும் சாக்கையும் எத்துகினு வரட்டா?”