மணிக்கு நின்ற சிம்பொனி

வயலின் வில்லுக்குப் பூசும் பிசினின் மணம் கருவாட்டு மணத்தோடு கலந்து வந்தால், எங்கள் மாதா கோயில் விறாந்தையில் மேல்நாட்டுச் சங்கீதப் பயிற்சி தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்வோம். உலக யுத்தம் முடிந்திருந்த அந்த வருடங்களில் இலங்கையின் கற்பிட்டிப் பக்கத்து எங்கள் கரையில் ஊரார் "பிடில் செட்டு" என்று அழைத்த பதினொரு பேர் கொண்ட வாத்தியக் குழு ஒன்று இருந்தது. எட்டுப் பேர், கடலில் விட்ட பெருவலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலைக்காரர்கள்; அவர்களில் ஒருவர் வலைக்குச் சொந்தக்காரர். மற்றவர்கள் ஒரு தையற்காரர், என் அக்கா, பத்து வயதான நான். நடத்தியவர் பள்ளிக்கூடத்துச் சூசை மாஸ்டர்.

வாத்தியங்கள் கோயிலுக்குச் சொந்தமானவை. அவற்றைப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. திருநாளன்று பெரிய சுவாமி, அதாவது மூத்த பாதிரியார் ஒருவர், வந்து எங்கள் வாசிப்பைக் கேட்டுத் தீர்மானிப்பார் என்றார்கள். வயலினைத் தவிர வேறெதையும் நினைக்காத அக்கா அந்த வாரம் முழுவதும் அழுதாள். "அழாத புள்ள, தந்தி துருப்பிடிச்சிரும்" என்று தையற்காரர் கேலி செய்தார்.

நாலு மணிக்கு வரவேண்டிய சுவாமியின் கார் வழியில் முந்தல் என்ற ஊரில் பழுதாகி, அவர் வந்துசேர ஐந்தரை ஆகிவிட்டது. அன்றைக்கென்று பழகியிருந்த சிம்பொனியின் மெதுவான பகுதியில் நாங்கள் இருந்தபோது, மாலை ஆறு மணிச் செபத்துக்கான திரிகால மணி அடித்தது. அந்த மணிக்கு வலைக் கயிற்றைப் பிடித்தபடியே நின்று செபிப்பது எங்கள் கரையின் வழக்கம். அதனால் எல்லாரும் வாத்தியங்களோடு எழுந்துவிட்டார்கள், சுவாமியும் எழுந்தார். செபம் முடிந்ததும் மாஸ்டர், "முதல்ல இருந்து..." என்று சொல்லி முடிக்குமுன், விட்ட இடத்திலிருந்தே, ஒரு சுரம் பிசகாமல், பத்துப் பேரும் வாசிக்கத் தொடங்கினார்கள்; ஒரு கணம் பிந்தி நானும் சேர்ந்துகொண்டேன்.

"ஏன் முதல்ல இருந்து தொடங்கல்ல?" என்று சுவாமி பிறகு கேட்டார்.

பெரிய பிடில் வாசித்த வலைச் சொந்தக்காரர் அந்தோனிச் சம்மாட்டி வியப்போடு பார்த்தார். "இழுத்த கயித்த ஆரு சாமி திரும்பக் கடல்ல விடுவான்?"

சுவாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப வாத்தியமெல்லாம் இங்கயே இருக்கட்டும்."

அக்கா அப்போதும் அழுதாள்.

அந்தக் குழு இன்று இல்லை. கரைவலையையும் உழவு இயந்திரம்தான் இழுக்கிறது. அதே சிம்பொனியை வானொலியில் எழுபது எண்பது பேர் வாசிக்கக் கேட்கிறேன். நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அன்று மணி அடித்த அந்த இடம் வரும்போது ஒருவர்கூட எழுந்து நிற்காமல் வாசித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அது எனக்கு இன்றுவரை பிழையாகவே படுகிறது.