படியடியில் வெந்த கல்யாணக் குழம்பு

எழுபதுகளின் நடுவில், குடிசை எரிந்துபோன உப்பளக் குடும்பங்களுக்காக மரக்காணத்தில் அரசாங்கம் நாலு மாடிக் கட்டடம் ஒன்று கட்டிக்கொடுத்தது. அப்பா, அக்கா, நான் மூவரும் மேல்மாடியில் இருந்தோம். கட்டடத்துக்குப் படிக்கட்டு இரண்டு. மேற்குப் படிக்கட்டின் அடியில் கதவு போட்டுப் பூட்டி, அதன் முன்னால் மண்ணெண்ணெய் டிரம்களை அடுக்கியிருந்தார் கீழ்வீட்டுக் கடைக்காரர். கட்சிக்காரர். யாரும் கேட்கவில்லை.

கிழக்குப் படியின் கீழே நாங்கள் எல்லோரும் சவுக்கு விறகு போட்டு வைத்திருந்தோம். ஒரு கோடை மத்தியானம் அது பற்றிக்கொண்டது. புகையைப் பார்த்து நான் உப்பளத்திலிருந்து ஓடிவந்தபோது, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா தட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, தொறங்கண்ணே! மூச்சு முட்டுது!"

சாவி கடைக்காரர் இடுப்பில்தான் இருந்தது. "இரும்மா, டிரம்ம உருட்டிட்டு வர்றேன். இதுல பத்திக்கினா எல்லாரும் காலி" என்றார். ஒவ்வொன்றாக ரோட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். கதவைத் திறக்க வழி கிடைத்த பிறகும் உருட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார். கடைசி டிரம்மும் போன பிறகு கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. அக்கா மறுபடி மேலே ஏறி, ஈரக் கோணியைப் போர்த்திக்கொண்டு கிழக்குப் படி வழியாக நெருப்புக்குள்ளேயே இறங்கியிருந்தாள்.

பிழைத்தாள். முதுகும் கால்களும் வெந்துபோயின. புண் ஆறி உப்பளத்துக்குப் போன முதல் நாள், பாத்தித் தண்ணீர் கால் தழும்பில் பட்டதும் அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் அவள் வேலைக்குப் போகவில்லை.

விசாரிக்க வந்த இன்ஜினியரிடம், "பொம்பளைங்க வெறகு போட்டதால வந்தது சார்" என்றார் கடைக்காரர். அது பொய் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

இன்ஜினியர் அந்தக் கதவைப் பெயர்த்தெடுக்க வைத்தார். விறகுக்கு வெளியே தனிக் கொட்டகை வந்தது. மாடிக்கு மாடி மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் தொங்கின. "இதையெல்லாம் யார் பாத்துப்பீங்க?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். "படியில எதுவும் இருக்கக்கூடாது. நெருப்பப் பாத்தா மணலக் கொட்டிடு" என்றார். கடைக்காரரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து மனதில் இருந்ததைச் சொன்னபோது, பங்குச் சாமியார் கடைக்காரரை மன்னிக்கச் சொன்னார். சரி சாமி என்றேன். மன்னிக்கவில்லை.

தை மாதம் கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம். வெளியே கடல் காற்றில் அடுப்பு நிற்கவில்லை என்று, விடிந்ததும் சமையல்காரர்கள் மேற்குப் படியடியில் செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். மேலே நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறி வேகட்டும் என்று இருந்தேன். கோயிலில் பூசை முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தியில் உட்கார்ந்த பிறகு, வாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் வாளியை அடுப்பில் கொட்டினேன். மிச்சத்தைக் குழம்பு அண்டாவிலும் சோற்றிலும் கொட்டினேன்.

கடைக்காரர் ஓடிவந்தார். கையை ஓங்கியவர், சம்பந்தி பார்ப்பதைக் கண்டு இறக்கிக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பனே!"

"எங்கக்கா கதவத் தட்டித் தட்டி எத்தன வார்த்த சொன்னா?"

பந்தியில் இருந்தவர்கள் இலையை மடக்காமலே எழுந்து போனார்கள்.

மேலே போய் அக்காவிடம் சொன்னேன். "கறியிலயுமா கொட்டுன?" என்று கேட்டவள், முதுகு இழுத்துப் பிடிக்கிற வலியோடு சிரித்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு இன்னாடி பண்ணுச்சு?" என்றாள். இருந்தாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கொஞ்ச நாளில் கடைக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு திண்டிவனம் போனார். அந்த வீட்டுக்கு அனுமந்தையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வந்த அன்றைக்கே அந்தக் குடும்பத்துப் பெண் படியின் குறுக்கே துணி காயப்போடக் கயிறு கட்டினாள். அறுத்து அவள் கையில் கொடுத்தேன்.